கரையைப் பூட்டிவிட்டு ரோட்டைக் காட்டாதீர்கள்

கால்வாய்க் கரையைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும், அடிவாரச் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் லாரிகளுக்கு நடைச்சீட்டு கொடுக்கும் அதிகாரிகளுக்கும்:

பிள்ளைகள் ஓடிப் பழகக் கால்வாய்க் கரையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்ட என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. மொத்தம் நான்கு வரி. கால்வாய்க் கரை ஆய்வுப் பணிக்கு மட்டுமே உரியது, பொதுவழி அன்று. பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதியே இரும்புக் கதவு போடப்பட்டுள்ளது. ஓட்டப் பயிற்சிக்குத் தார்ச்சாலை மாற்று வழியாக உள்ளது. இவ்வளவுதான். "மாற்று வழி" என்று எழுதியவர் ஒரே ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு அந்தச் சாலையோரம் நின்றிருந்தால் அந்த இரண்டு சொல்லை எழுதியிருக்க மாட்டார். அதனால்தான் இரண்டாவது மனுவாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியை. தாமிரபரணிக்குத் தென்கரையில், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கிற ஒரு ஊரில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் கேள்வி என்னிடம் வராது, பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் போகும் என்று அனுபவத்தில் தெரியும். எந்த ஊர், எந்தக் கால்வாய் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனுவில் எல்லாம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து நிலத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்கே ஆறு. ஆற்றிலிருந்து அணைக்கட்டில் பிரிந்து வருகிற கால்வாய் ஊருக்குத் தெற்கே வளைந்து போகிறது. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் நஞ்சை. கால்வாயைத் தாண்டி மேட்டுப் பக்கம் போனால் தண்ணீர் ஏறாது. அங்கே சரள் மண், உடை மரங்கள், நடுநடுவே பொத்தைகள் என்று நாங்கள் சொல்கிற சின்னப் பாறைக் குன்றுகள். அதற்கும் அப்பால் மலை. கால்வாய்க் கரையில் நின்றால் ஒரு கண்ணுக்குப் பச்சை, மறு கண்ணுக்குச் செம்மண். ஓடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடத்தை யாரும் காசு போட்டுக் கட்ட முடியாது. கால்வாய்க்காரன் தண்ணீர் ஓடுவதற்காக மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறான். கண்ணுக்கே தெரியாத சரிவு. அதன் கரை மேடு பள்ளம் இல்லாத மண் பாதை. பழகுகிற காலுக்கு அந்த மட்டம் வேண்டும். பழகிய காலுக்குப் பொத்தையின் ஏற்றம் வேண்டும். இரண்டும் ஒரே வழியில் அடுத்தடுத்துக் கிடைக்கிற ஊர் எங்களுடையது.

எங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு பசுவை முன்னே நடக்கவிட்டு, அது போன வழியெல்லாம் கால்வாய் வெட்டினார்களாம். அது படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை. கதை எவ்வளவு நிஜமோ, இந்தப் பக்கத்து ஜனங்கள் கால்வாயை எப்போதும் கால் நடந்த வழியாகவே நினைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அந்தக் கரையில் நடப்பது அத்துமீறல் என்று தகரப் பலகையில் எழுதி மாட்டியிருப்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நம்ப முடியாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2009ஆம் வருஷம் 4 பெண்பிள்ளைகளோடு அங்கே ஓட ஆரம்பித்தேன். பள்ளிக்கூட மைதானம் சின்னது. ஒரு சுற்று 150 மீட்டர்கூட வராது. 1,500 மீட்டர் ஓட வேண்டுமென்றால் தலை சுற்றிவிடும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் நல்ல ஓடுதளம் இருக்கிறது. ஆனால் முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, பள்ளிக்கூட மணியும் அடித்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை பள்ளியின் 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு கால்வாய் ஷட்டரிலிருந்து, குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற மறுகால் வரைக்கும் அளந்தோம். டேப்பை 50 தடவை போட வேண்டியிருந்தது. ஐம்பதாவது தடவை டேப் முடிந்த இடத்தில் ஒரு மருத மரம் நின்றது. அதில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டோம். சரியாக 1,500 மீட்டர். அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எழுந்து என்னமோ ஏதோ என்று பார்த்தார்கள்.

1,500 மீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர். அதை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த எண்களெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பாதிக்கு மேல் வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறவர். தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் ராத்திரி வரைக்கும் நிமிர மாட்டார். அந்தத் தட்டு தன் மடிக்கு வரக் கூடாது என்றுதான் பெண்பிள்ளை விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கிறது. என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இந்தக் கரையில் ஓடி, இன்றைக்குச் சீருடை போட்டிருக்கிறவர்களின் பெயரை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன். 23 பெயர் இருக்கிறது. அதில் 9 பேர் பெண்கள்.

வேலைக்காக மட்டும் ஓடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்திலிருந்து, பாட்டி கூலி வேலை பார்த்து வளர்த்த ரேவதி வீரமணி செருப்பில்லாத காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனதை எங்கள் பிள்ளைகள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளிலும் வெறுங்காலில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் கரை அந்தக் காலைத் தாங்கிக்கொள்ளும். தார் தாங்காது. தார்ச்சாலையில் ஓட ஆரம்பித்த இந்த ஏழு மாதத்தில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று நொண்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் 6 பேர். அதற்கு முந்தின வருஷம் ஒருவர்கூட இல்லை.

இனி இந்த வழியை நாங்கள் எப்படி அமைத்திருந்தோம் என்று சொல்கிறேன். உங்கள் கதவு கெடுத்தது அதைத்தான்.

5 மணிக்கு இருட்டு. அந்த நேரம் கரையில்தான் இருப்போம். காரணம் இருக்கிறது. கார், பிசானம் இரண்டு போகத்திலும் அந்த நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டம் உண்டு. மடை திறக்க மண்வெட்டியோடு ஒரு தாத்தா வருவார். படித்துறையில் குளிக்க, துவைக்கப் பொம்பளைகள் வந்துவிடுவார்கள். நடவு நாளென்றால் டார்ச் லைட்டோடு ஒரு கூட்டமே போகும். "யாருட்டி அது, இன்னாரு மவளா, ஓடு ஓடு" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். ஒரு பெண்பிள்ளை இருட்டில் தனியாக ஓடினாலும் அங்கே தனியாக இல்லை. ஷட்டரிலிருந்து மறுகால் வரைக்கும் ஒவ்வொரு படித்துறையிலும் ஒரு சித்தி, ஒரு மைனி, ஒரு ஆச்சி. இந்தக் காவலுக்கு அரசாங்கம் ஒரு பைசா செலவழிக்கவில்லை.

மறுகாலைத் தாண்டிக் குளத்தங்கரையில் ஏறும்போது கிழக்கு வெளுக்கும். அதற்கு அப்புறம்தான் பொத்தைப் பக்கம் திரும்புவோம். நன்றாக வெளிச்சம் வராமல் ஒருத்தரும் உடங்காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. கரடியும் சிறுத்தையும் அடிவாரத்து ஊர்களுக்கு இறங்கி வருவது எங்களுக்குச் செய்தித்தாளில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமான மலை அது. அதன் எல்லைக்குள் ஓட நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். பொத்தையில் ஏறி, சரளில் காலை ஊன்றி மூன்று தடவை மேலே போய் இறங்கிவிட்டு, அதே குளத்தங்கரை, அதே கால்வாய்க் கரை வழியாகத் திரும்பிவிடுவோம். தார்ச்சாலையைத் தொடவே மாட்டோம். இருட்டில் ஆள் இருக்கிற இடம், வெளிச்சத்தில் ஆள் இல்லாத இடம் என்று நேரம் பார்த்துப் பின்னிய வழி. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு சின்ன விபத்து இல்லை.

போன செப்டம்பரில் கரையின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினீர்கள். இரண்டு பக்கமும் முள்கம்பி. ஒரு ராத்திரி இருசக்கர வாகனத்தில் கரையோடு போனவர் கால்வாயில் விழுந்து இறந்துபோனார், அதற்குப் பிறகுதான் இந்த முடிவு என்பது எனக்குத் தெரியும். அவர் எங்களுக்கும் வேண்டியவர்தான். சாவு வீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் உங்கள் கவலையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் நடந்து போகவில்லை, ஓடியும் போகவில்லை. வண்டியைத் தடுக்க வேண்டிய இடத்தில் ஆளைத் தடுத்திருக்கிறீர்கள்.

கதவு பூட்டிய மறுநாளே நாங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டோம். தேர்வு வைத்திருக்கிற பிள்ளைகளிடம் ஓடாதே என்று எப்படிச் சொல்ல முடியும்? அடிவாரத்தை ஒட்டிப் போகிற அந்தத் தார்ச்சாலையில் இரண்டு டவுன் பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். அதில்தான் டாரஸ் லாரிகள் போகின்றன. ஆற்று மணலை அள்ளி அள்ளித் தாமிரபரணியின் எலும்பு தெரிந்தபோது தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டார். 2010இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை 5 வருஷம் மணல் அள்ளத் தடை போட்டது. ஆறு கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆனால் கட்டடங்கள் நிற்கவில்லை. மணலுக்குப் பதில் பாறையைப் பொடித்து எம்-சாண்ட். ஆற்றிலிருந்து போன லாரி இப்போது அடிவாரத்திலிருந்து போகிறது. எங்கள் சாலைக்கு லாரி வந்த கதை இது. குவாரியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது வேறு பெரிய பேச்சு. அந்த லாரிகள் முதல் நடை கிளம்புகிற நேரமும் எங்கள் பிள்ளைகள் ஓடுகிற நேரமும் ஒன்று என்பதுதான் இந்த மடலின் பேச்சு.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மணி 5.40. ஐந்து பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ரோட்டின் வலது ஓரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் சைக்கிளில். பனி இறங்கியிருந்தது. எதிரே ஒரு டாரஸ், அதைத் தாண்டிக்கொண்டு இன்னொன்று. இரண்டு லாரியின் வெளிச்சமும் சேர்ந்து அடித்தபோது எனக்கு ரோடே தெரியவில்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. முன்னால் ஓடிய நான்கு பேர் மண்ணில் இறங்கிவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளை இறங்கிய இடத்தில், தார்ப்பாய் மூடாமல் போன ஏதோ ஒரு லாரியிலிருந்து சிந்தின ஜல்லி குவிந்து கிடந்தது. கால் வழுக்கிப் பள்ளத்தில் போய் விழுந்தாள். பள்ளம் முழுக்கக் கல்.

நான் போய்த் தூக்கும்போது அவள் அழவில்லை. வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஃபிஸிக்கலுக்கு இன்னும் 24 நாளுதான டீச்சர் இருக்கு" என்றாள். காறை எலும்பு முறிந்திருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து என்னோடு ஓடுகிறவள். எழுத்துத் தேர்வில் தேறி, 400 மீட்டரை ஒரு நிமிடம் 22 வினாடியில் ஓடிக்கொண்டிருந்தவள். அந்த 24வது நாள் அவள் கட்டுப்போட்ட தோளோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் போனபோது இருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா இலையை வெட்டிக்கொண்டே, "கரையில ஓடுன வரைக்கும் ஒண்ணும் ஆவலியே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் சொல்ல முடியாத பதிலைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

லாரி டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நிறுத்தினார், இறங்கி ஓடி வந்தார், பிள்ளையை ஆட்டோவில் ஏற்றுகிற வரைக்கும் கூட நின்றார். கை நடுங்கியது அவருக்கு. முந்தின நாள் ராத்திரியிலிருந்து அது அவருக்கு மூன்றாவது நடை. நடைக் கணக்கில்தான் சம்பளம், தாமதமானால் ஒரு நடை போய்விடும் என்றார். இப்படி ஓட்டச் சொல்கிற ஏற்பாட்டையும் அதைப் பார்த்துக்கொண்டு நடைச்சீட்டு எழுதுகிற மேசையையும்தான் கேட்கிறேன்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டு முறை அலுவலகம் அலைந்தேன். பார்க்க முடிந்த ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "கரையில ஏதாவது ஆச்சுன்னா எங்க தலையில வந்து விழும் டீச்சர், ரோட்டில ஆச்சுன்னா அது எங்களுது இல்ல" என்றார். அவர் உள்ளதைச் சொன்னார், அதற்காக நன்றி. ஆனால் பாதுகாப்பு என்று நீங்கள் எழுதிய சொல்லுக்கு அர்த்தம் அதுதானா? யார் பாதுகாப்பு? பிள்ளை கால்வாயில் விழுந்தால் ஒரு அலுவலகக் கோப்பு, லாரியில் அடிபட்டால் இன்னொரு அலுவலகக் கோப்பு. பிள்ளை ஒன்றுதானே.

கரைக்கும் இது நல்லதில்லை. ஆள் நடக்கிற கரைதான் கரையாக இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தத் தென்கோடி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறும் குளமும் ஒன்றாகிக் கிடந்தன. 18ஆம் தேதி காலை எங்கள் பையன்கள் நான்கு பேர் கரையைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது மடையைத் தாண்டி ஒரு இடத்தில் கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கொப்பளிக்கிறது என்று ஓடி வந்து சொன்னார்கள். அவர்களுக்கு அந்த இடம் எப்படித் தெரிந்தது? மாதக்கணக்காக அந்த இடத்தில் நண்டு வளை விழுந்து, ஓடும்போது அதைத் தாண்டித் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். உடனே ஊர் கூடியது. களத்து மண்ணைச் சிமெண்டுச் சாக்கில் நிரப்பி, பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றி, இரண்டரை மணி நேரம். நானும் நின்றேன். கரை நின்றது. கீழே நட்டு ஒரு மாதமான பிசானம் தப்பியது. கால்வாயைக் காவல் பார்க்கிற உங்கள் லஸ்கர் அண்ணனுக்கு இது தெரியும், அவரும் எங்களோடு சாக்குத் தூக்கினார். மைல் கணக்கான கரைக்கு அவர் ஒரே ஆள். முன்பெல்லாம் மடையையும் கரையையும் பார்த்துக்கொள்ள மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். இன்றைக்கு அந்த வேலையில் பாதியை ஓடுகிற பிள்ளைகள் தெரியாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

கதவு போட்டு இத்தனை மாதத்தில் கரை எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நடு வழியிலேயே சீமைக் கருவேலம் முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது. படித்துறைக்கு வருகிற பொம்பளைகள் கம்பிக்குக் கீழே குனிந்து நுழைகிறார்கள். சேலை கிழிந்ததைக் காட்டினார்கள். எங்கள் சுண்ணாம்பு மரத்தடியில் பாட்டில் கிடக்கிறது. காலையில் ஆள் இல்லாத இடத்துக்கு ராத்திரி ஆள் வருவது இயற்கை. இன்னொன்றும் சொல்கிறேன். பூட்டிய கதவுக்கு உள்ளே டிராக்டர் டயர்த் தடம் இருக்கிறது. சாவி எத்தனை, யார் யாரிடம் என்பதை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கால்வாய் அடைத்திருக்கிறது. மராமத்து வேலை நடக்கிற காலம் இது. கார் சாகுபடிக்கு வழக்கப்படி ஜூன் 1 தண்ணீர் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்து முடிக்கக் கூடியவற்றைத்தான் கேட்கிறேன்.

இரண்டு முனையிலும் இருக்கும் கதவை எடுத்துவிட்டுக் கடவு வைத்துக் கொடுங்கள். தோட்டத்து வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் மாடு புகாமல் ஆள் மட்டும் புகுகிற மாதிரி நம் ஊர்களில் கல் நட்டு வைத்திருப்பார்களே, அது போதும். மூன்று கல் தூண், வளைந்து நுழைகிற இடைவெளி. பைக் போகாது, டிராக்டர் போகாது. மண்வெட்டியோடு தாத்தா போவார், துணி வாளியோடு ஆச்சி போவார், பிள்ளைகள் போவார்கள். உங்கள் ஆய்வு வண்டிக்கு வேண்டுமானால் பக்கத்தில் பூட்டுப் போட்ட கதவு ஒன்று இருக்கட்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பலகையில் எழுதி வையுங்கள்.

"அத்துமீறி நுழைவோர்" என்ற பலகையை எடுங்கள். அந்த இடத்தில் நீர் ஆழம், வழுக்கும் இடம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் இவற்றை எழுதுங்கள். வளைவுகளில் கரைச் சரிவைச் செப்பனிட்டு, நண்டு வளைகளை மண் இடித்து மூடுங்கள். கூலி கேட்காமல் ஆள் நாங்கள் தருகிறோம். ஆனால் கான்கிரீட் நடைபாதை என்று ஒரு மதிப்பீடு போட்டுவிடாதீர்கள். மருத மரங்களில் ஒன்றையும் வெட்ட வேண்டாம். எங்களுக்கு வேண்டியது மண்.

நடைச்சீட்டு தருகிறவர்களிடம் கேட்பது: அடிவாரச் சாலையில் காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை டாரஸ் ஓடக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். 7 மணிக்கு மேல் அதே சாலையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். தார்ப்பாய் போடாத லாரிக்கு நடைச்சீட்டு ரத்து என்று எழுத்தில் வையுங்கள். சாலையோரம் குவிந்திருக்கும் ஜல்லியைக் கொட்டியவர்களை வைத்தே அள்ளச் சொல்லுங்கள். கரை திறந்துவிட்டால் நாங்கள் ரோட்டுக்கு வர மாட்டோம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். ரோட்டில் போகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

தோள் முறிந்த பிள்ளைக்கு இந்தத் தேர்வு போய்விட்டது. அடுத்த அறிவிக்கைக்கு அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மருத்துவச் செலவு முழுவதையும் அவள் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். அதைத் திருப்பித் தருவதற்கு எந்த நிதியில் இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொண்டுவருவது என் பொறுப்பு.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை மே மாதம் முடிவதற்குள் எழுத்தில் தாருங்கள். பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள். எந்த நாள் என்று சொன்னால் போதும். 5 மணிக்கு ஷட்டர் பக்கம் நாங்கள் நிற்போம். கதவைத் திறந்துவிட்டுச் சுண்ணாம்பு மரம் வரைக்கும் எங்களோடு நடந்து வாருங்கள். அங்கிருந்து அடிவாரச் சாலைக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். அதற்குப் பிறகு பதிலை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு உடற்கல்வி ஆசிரியை,
தாமிரபரணித் தென்கரை